மழலையோடு கடைத்தெருவும் காலை உலாவும்

ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய நம் போன்றோர் இல்லங்களில் ஓயாது எழும் கவலை ஒன்றுண்டு. “குழந்தைக்குத் தமிழ் வரவில்லையே” என்பதே அது. படப் புத்தகம் வாங்கிக் கொடுக்கிறோம். கைப்பேசியில் பாட்டுப் போட்டுக் காட்டுகிறோம். ஆயினும், ஊரிலிருந்து பாட்டி அழைத்தால் குழந்தையின் பேச்சு நாலு சொல்லோடு நின்றுவிடுகிறது. ஹௌராவிலிருந்து சென்னைக்கு இருப்புப்பாதை வழியே சுமார் 1,660 கிலோமீட்டர். அந்தத் தொலைவு முழுவதையும் அப்போது பாட்டியும் உணர்கிறாள், நாமும் உணர்கிறோம்.

இக்கவலைக்கு ஒரு மருந்து நம் தெருமுனையிலேயே இருக்கிறது என்பதுதான் இம்மாதம் நாம் சொல்ல விரும்புவது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு காய்கறிச் சந்தைக்கும் ஏரிக்கரைக்கும் போய் வருவதே அம்மருந்து. அயலூர்ச் சந்தைக்குப் போனால் அயல்மொழிதானே வரும் என்று சிலர் ஐயுறலாம். இரு மொழிகளைக் கேட்டு வளரும் குழந்தை குழம்பிவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது என்று மொழியாராய்ச்சியாளர் நெடுங்காலமாகவே கூறி வருகின்றனர். கையில் பொருள் இருந்தால் அதற்கு இரண்டு பெயர் சொல்லலாம். பொருளே இல்லாதபோது ஒரு பெயரும் தங்குவதில்லை.

கொல்கத்தாவையே எடுத்துக்கொள்வோம். தென்னாட்டார் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் லேக் மார்க்கெட் பகுதியில் கறிவேப்பிலையும் வாழையிலையும் தொடுத்த மலரும் எளிதில் கிடைக்கும். அவற்றை வாங்கியவுடன் திரும்பிவிடாமல், வங்காளிகள் கூடும் கடைகளிலும் சற்று நிற்க வேண்டும். அங்கே நாம் அறியாத காய் சில. அறிந்த காய்கள் பல. வாழைப்பூ அங்கே ‘மோச்சா’, வாழைத்தண்டு ‘தோர்’, பசலைக்கீரை ‘புய் ஷாக்’, வள்ளைக்கீரை ‘கல்மி ஷாக்’. முருங்கையின் காயை மட்டுமன்றிப் பூவையும் வங்காளிகள் விரும்பிச் சமைப்பார்கள். ‘பட்டோல்’ என்று குவித்து வைத்திருக்கும் சிறு காய் நம் புடலங்காய்க்கு மிக நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே தாவரக் குலத்தைச் சேர்ந்தவை. நீண்டதையும் குட்டையானதையும் குழந்தையின் இரு கைகளிலும் கொடுத்துப் பாருங்கள். ‘பெரிது, சிறிது’ என்ற பாடம் தானே நடந்துவிடும்.

கோடை வந்தால் நுங்கு வருகிறது. ‘தால்ஷாஷ்’ என்பது அதன் வங்காளப் பெயர். எங்கள் வீட்டுச் சிறுமி தன் இரண்டரை வயதில் முதன்முதலாக அதை உரித்துப் பார்த்தாள். அன்று மாலை பாட்டி அழைத்தபோது, “நுங்கு வழுக்கி ஓடிப்போச்சு!” என்றாள். எங்கே ஓடிற்று, யார் பிடித்தார்கள், சட்டை நனைந்ததா என்று பாட்டி ஒவ்வொன்றாகக் கேட்க, பேச்சு பத்து நிமிஷத்துக்கு மேல் நீண்டது. குழந்தைக்குச் சொல்வதற்கு ஒரு செய்தி இருந்தது. சொல் அதைத் தொடர்ந்து வந்தது.

சந்தையின் மீன் பகுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சைவ உணவினரான அன்பர் சிலர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூக்கைப் பொத்தியவாறு அதனைக் கடந்து விரைவதைக் கண்டிருக்கிறோம். உண்பதும் உண்ணாததும் அவரவர் வீட்டு வழக்கம்; அதில் நாம் தலையிடுவதற்கில்லை. ஆனால் குழந்தை நம் சொல்லைக் கற்பதற்கு முன் நம் முகத்தைக் கற்கிறது. அண்டை வீட்டார் உண்ணும் உணவைக் கண்டு நாம் முகம் சுளித்தால், நாளை அவ்வீட்டுப் பிள்ளையோடு விளையாடப் போகும் குழந்தைக்கு அச்சுளிப்பும் கூடவே போகும். மாறாக, மீன்காரர் காலால் அழுத்திக்கொண்டு நறுக்கும் ‘பொண்ட்டி’யைக் காட்டி, “நம் பாட்டி வீட்டு அரிவாள்மணை பார்” என்று சொல்லலாம். அக்கருவி இரு நாட்டுச் சமையலறைக்கும் பொதுவன்றோ!

தெற்கு இருபத்து நான்கு பர்கனாவிலிருந்து விடியற்காலை ரெயிலேறி வந்து, கரியாஹாட், டாக்குரியா பகுதிகளில் கீரை விற்கும் பெண்களை எல்லோரும் ‘மாஷி’ என்றே அழைக்கிறார்கள். தாயின் உடன்பிறந்தாள் என்பது அதன் பொருள். சித்தியும் பெரியம்மாவும் தூரத்தில் இருக்கும் நம் குழந்தைகளுக்கு, வாரந்தோறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையில் ஒரு கொத்தமல்லிக் கொழுந்தைக் கொடுக்கும் ஒருத்தி கிடைப்பது சிறிய பேறன்று.

இனி இயற்கை. 1920-களில் நகர அபிவிருத்தி டிரஸ்ட் வெட்டிய டாக்குரியா ஏரிக்கு 1958-இல் ரவீந்திர சரோவர் என்று பெயரிட்டார்கள். கரையும் நீருமாக 192 ஏக்கர் பரப்பு. சிறகு விரித்துக் காயும் நீர்க்காகத்தைக் காணக் குழந்தைக்கு வேறு பொம்மை வேண்டியதில்லை. மரங்களும் நமக்குப் புதியவை அல்ல. மழைக்காலத்தில் உருண்டை உருண்டையாய்ப் பூக்கும் ‘கதம்’ நம் முருகனுக்குரிய கடம்பு. துர்க்கா பூஜையை முன்னறிவித்து விடியலில் உதிரும் ‘ஷியூலி’ நம் பவழமல்லி. இலையுதிர்கால இரவுகளில் தெருவெங்கும் மணக்கும் ‘சாத்திம்’, மேற்கு வங்கத்தின் மாநில மரம். தமிழில் அது ஏழிலைப்பாலை. உதிர்ந்த கொத்து ஒன்றை எடுத்து இலைகளை எண்ணச் சொல்லுங்கள். சில கொத்துகளில் ஆறோ எட்டோ இருக்கும். எண்ணிக்கை பிசகும்போதுதான் குழந்தைக்கு உற்சாகம் மிகுதி.

மாதம் ஒரு முறை ஹூக்ளியைக் கடந்து ஷிப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். 1787-இல் தோன்றிய அப்பூங்காவின் பேராலமரம் உலகப் புகழ் பெற்றது. ஒரு தோப்பைப் போலத் தோன்றும் அது ஒரே மரம். அதன் அடிமரம் புயல்களில் சிதைந்து, பூஞ்சைநோய் பற்றியதால் 1925-இல் அகற்றப்பட்டது. இன்று அதைத் தாங்கி நிற்பவை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகள். குழந்தைக்கு இப்போதைக்கு ‘விழுது’ என்ற சொல் போதும். மற்றதைப் பெற்றோர் நின்று பார்த்தால் தாமே உணர்வர்.

உலாவுக்குச் செலவு அதிகமில்லை. கோடையில் வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிட வேண்டும். குடிநீரும் தொப்பியும் மாற்றுச் சட்டையும் எடுத்துச் செல்ல வேண்டும். குழந்தைக்கென்று சிறு பை ஒன்று கொடுத்து, ஓர் எலுமிச்சம்பழத்தையாவது அதுவே சுமந்து வரச் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரம் கூடாது. குழந்தையின் நடைக்கு நம் நடை இணங்க வேண்டும். வீடு திரும்பியபின், வாங்கி வந்ததை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பித் தமிழில் பெயர் சொல்லச் சொல்லுங்கள். அன்று மாலையே பாட்டியை அழையுங்கள்.