பீரோவில் உறங்கும் காமிரா



உங்கள் இல்லத்துப் பீரோவின் உள்ளறையில், பத்திரக் கட்டுக்கும் பழைய பாஸ்போர்ட்டுகளுக்கும் நடுவே ஒரு சிறிய டிஜிட்டல் காமிரா உறங்கிக்கொண்டிருக்கலாம். 2000ஆம் ஆண்டுக்குப் பின், பயணம் போனவர் விடுமுறையில் வந்தபோது அத்தர் புட்டிகளோடும் போர்வைகளோடும் கொண்டுவந்து இறக்கிய பொருள் அது. வாசுதேவநல்லூரிலும், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி முதலிய அண்டை ஊர்களிலும் வளைகுடா நாடுகளில் பணிபுரிந்தோர் இல்லங்களில் அஃது அரிதன்று. கைப்பேசியே காமிராவாகிவிட்ட பின்னர் அதனை எவரும் தொடுவதில்லை; எறிந்துவிடவும் மனம் வருவதில்லை.

அந்தக் காமிராவை இம்மாதமே வெளியே எடுங்கள் என்று வேண்டிக்கொள்ளவே இக்கட்டுரை. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, அக்கருவி வந்த வரலாற்றையும், அதனை வாங்கியோர் அடைந்த அனுபவங்களையும் சற்றே பார்ப்போம்.

சுருளில்லாப் படம்

பிலிம் சுருளின் காலத்தை நடுத்தர வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு சுருளில் 36 படங்கள். ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணி எடுக்க வேண்டும். சுருள் முடிந்தபின் ஸ்டூடியோவில் கொடுத்துவிட்டு, படங்கள் வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். நம் தமிழகத்திலேயே, உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் தயாரித்துக் கொடுத்தது. இன்று அந்த ஆலையும் இல்லை.

நம் குடும்பங்களில் பிலிமுக்கு மற்றொரு தடையும் இருந்தது. நிக்காஹ் வீட்டில் பெண்கள் பகுதியில் எடுத்த படங்களைக் கழுவுவதற்கு அந்நியர் கையில் ஒப்படைக்க வேண்டுமே என்ற தயக்கம்தான் அது. அதனாலேயே உம்மாவின் படமோ, உம்மம்மாவின் படமோ இல்லாத வீடுகள் பல. டிஜிட்டல் காமிரா வந்தபோது இல்லத்துப் பெண்கள் அதனை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். எடுத்தவரே பார்க்கலாம், வேண்டாததை அழிக்கலாம், வெளியார் கண்ணில் படாது. (உருவப்படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். இங்கே நாம் பேசுவது, முன்பே எடுக்கப்பட்டுவிட்ட படங்களைப் பற்றி.)

ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சி.சி.டி. என்னும் சில்லை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் உருவாக்கினர். அதற்காக 2009இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் 1975இல் செய்துகாட்டிய முதல் டிஜிட்டல் காமிரா ஏறத்தாழ 3.6 கிலோ எடை கொண்டது. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காசெட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடிகள் ஆயின.

கையடக்கமாகப் பொதுமக்களிடம் வந்தவற்றுள் புகழ்பெற்றது 1995இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காசியோ க்யூவி-10. எடுத்த படத்தை அப்போதே பின்புறத் திரையில் காட்டியது அதன் புதுமை. ஆயினும் படத்தின் அளவு 320க்கு 240 புள்ளிகளே. நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: அந்தப் படத்தைத் தெளிவாக அச்சிட்டால் ஓர் அஞ்சல் தலையின் அளவுதான் வரும். நாம் வழக்கமாக ஆல்பத்தில் ஒட்டும் 4க்கு 6 அங்குலப் படத்திற்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் தேவை. 2000ஆம் ஆண்டில் கேனான் நிறுவனம் வெளியிட்ட டிஜிட்டல் இக்ஸஸ் என்னும் சிறு காமிரா அந்த எல்லையைத் தொட்டது. அதன் பின்னரே இக்கருவிகள் பிலிமுக்கு மாற்றாகக் குடும்பங்களுக்குள் நுழைந்தன.

வாங்கியோர் கண்டது

வாங்கியோர் முதலில் பட்ட பாடு பேட்டரியினால். 2003இல் வந்த கேனான் ஏ60, ஏ70 போன்றவற்றில் நான்கு பென்சில் பேட்டரிகள் போட வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் ஓராண்டு ஓடும் சாதாரண பேட்டரி, இதில் சில படங்களிலேயே ஓய்ந்துவிடும். திரையும் ஃபிளாஷும் ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரத்தைத் தர அதற்கு வலுவில்லை. திரும்பத் திரும்ப மின்னேற்றத்தக்க நிக்கல் வகை பேட்டரிகளை வாங்கியோரே நிம்மதி அடைந்தனர்.

இரண்டாவது, நினைவட்டை. ஒரு படத்திற்கு ஒன்றரை எம்.பி. இடம் தேவையெனில், 16 எம்.பி. அட்டையில் பத்துப் படங்கள்தாம் அடங்கும். வேறு அட்டை வாங்குவதோ பெருஞ்செலவு. ஆகவே பலர் ஒரு சிக்கன வழியைக் கையாண்டனர். படத்தின் அளவை 640க்கு 480 எனக் குறைத்து வைத்துவிட்டால், அதே அட்டையில் நூறு படங்கள் வரை எடுக்கலாம். அன்றைய கணினித் திரையில் அவை அழகாகவே தோன்றின. அவற்றை உள்ளங்கை அளவுக்கு மேல் பெரிதாக்க இயலாது என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது.

மூன்றாவது, தேதி. காமிராவின் உள்ளே கடிகாரத்திற்கென்று ஒரு பொத்தான் பேட்டரி உண்டு. அது தீர்ந்துவிட்டால் நாட்காட்டி தொடக்கத்திற்கே திரும்பிவிடும். பெருநாளன்று எடுத்த படமும் ஜனவரி முதல் தேதி என்றே பதிவாகும். இத்தகைய படங்களின் தேதியை நம்பி எவருடைய வயதையும் கணக்கிட முடியாது.

வெப்பமும் ஈரமும்

எல்லாவற்றிலும் பெரிய சோதனை வேறு. ஒரு நாள் காமிராவை இயக்கினால் திரை முழுதும் கறுப்பாக இருக்கும். அல்லது ஊதா நிறக் கோடுகள் ஓடும். கீழே போட்டுவிட்டாயா என்று பிள்ளைகளை அதட்டிய வீடுகள் எத்தனையோ! உண்மைக் காரணம் 2005 அக்டோபரில் வெளிவந்தது. சோனி நிறுவனம் தயாரித்து, தன் காமிராக்களிலும் கேனான், நிகான், ஃபூஜி முதலிய பிற நிறுவனங்களின் காமிராக்களிலும் பொருத்தப்பட்ட ஒருவகை சி.சி.டி. சில்லில் குறை இருந்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் அதன் உட்புற நுண்கம்பி இணைப்புகள் விட்டுப்போயின. மேலே சொன்ன ஏ60, ஏ70 ஆகியவையும் அப்பட்டியலில் இடம்பெற்றன. உத்தரவாதக் காலம் கடந்திருப்பினும் இலவசமாகப் பழுதுநீக்கித் தருவதாக நிறுவனங்கள் அறிவித்தன. அன்று அந்த அறிவிப்பை அறியாதோர், காமிராவின் ஆயுள் முடிந்தது எனக் கருதிப் பீரோவில் வைத்துப் பூட்டினர்.

வெப்பமும் ஈரமும் மிகுந்த சூழல் என்றால் அது நம் ஊரன்றி வேறெது? கோடையில் தகிக்கும் வெயில். ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துச் சாரல். அருவிக் கரையில் நின்று படம் எடுத்து, நனைந்த காமிராவை அப்படியே உறையில் இட்டுப் பூட்டி வைத்தால் லென்சில் பூசணம் படரும். கடற்கரை மணல் ஒரு துகள் உட்புகுந்தாலும் லென்ஸ் நீளாமல் சிக்கிக்கொள்ளும். கேனான் காமிராக்களில் ‘இ18’ என்று திரையில் தோன்றும் குறிப்பு இத்தகைய சிக்கலைத்தான் சொல்லும்.

ஆனால் ஒன்றை நன்றாக மனத்தில் பதியுங்கள். சில்லு கெட்டதாலோ லென்ஸ் சிக்கியதாலோ, அதற்கு முன் எடுத்த படங்கள் அழிந்துவிடுவதில்லை. அவை நினைவட்டையில் இருக்கின்றன. காமிரா இறந்தாலும் படம் இறப்பதில்லை.

ஆல்பத்தில் ஒரு வெற்றிடம்

எங்கள் ஊரில் ஒரு குடும்பம். அவ்வீட்டுப் பெரியவர், பேத்திக்கு மூன்று வயது நிறையும் முன்னரே வஃபாத்தாகிவிட்டார். அப்பெண் கல்லூரி செல்லும் பருவத்தில், பாட்டனார் தன்னை மடியில் வைத்திருந்த படம் ஏதேனும் உண்டா என்று உம்மாவிடம் கேட்டாள். ஆல்பத்தைப் புரட்டினார்கள். 1980களின் படங்கள் இருந்தன. பெரியவரின் ஹஜ்ஜுப் பயணத்திற்கு எடுத்த படமும் இருந்தது. அவருடைய கடைசி ஐந்தாண்டுகளுக்கு மட்டும் ஒரு படமும் இல்லை. அந்த ஆண்டுகளில்தான் வீட்டில் படங்கள் மிக அதிகமாக எடுக்கப்பட்டன! ஒரு பகுதி கணினியில் இருந்தது. கணினி கெட்டபோது அதனோடு போயிற்று. மற்றொரு பகுதி குறுந்தகட்டில் இருந்தது. தகட்டின் மேற்பூச்சு உரிந்துவிட்டது.

எஞ்சியது, திரை கறுத்துப்போன ஒரு காமிரா. பழைய சாமான் வியாபாரியிடம் போட எடுத்து வைத்திருந்தார்கள். அதன் அட்டையைக் கழற்றி, அட்டைபடிப்பான் வழியாகக் கணினியில் இட்டபோது பதினொரு படங்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில், பெருநாள் சட்டை அணிந்த குழந்தை பெரியவரின் மடியில் இருந்தது. தேதி ஜனவரி முதல் நாள் என்றிருந்தது. அளவு 640க்கு 480. உள்ளங்கை அளவுக்கு அச்சிட்டுக் கொடுத்தார்கள். அப்பெண் அதனைத் தன் பாடப் புத்தகத்தினுள் வைத்திருக்கிறாள் என்று அவள் உம்மா என்னிடம் சொன்னார்.

இந்த வெற்றிடம் அந்த வீட்டிற்கு மட்டும் உரியதன்று. ஐம்பதாண்டுக்கு முந்தைய படம் தகரப் பெட்டியில் கிடைக்கிறது. இருபதாண்டுக்கு முந்தைய படம் கிடைப்பதில்லை. காகிதத்தை எவரும் பேணாவிட்டாலும் அது கிடந்த இடத்தில் கிடக்கும். டிஜிட்டல் படம் அப்படியன்று. ஒவ்வொரு சில ஆண்டுக்கும் ஒருவர் அதனைப் புதிய இடத்திற்கு மாற்றியாக வேண்டும். எடுப்பது எளிதானபோது, பேணும் பொறுப்பு நம் தலையில் ஏறிவிட்டது என்பதை நாம் உணரவில்லை.

செய்ய வேண்டியவை

முதலில், காமிராவின் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பழைய பேட்டரி கசிந்து உப்புப் பூத்திருந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம். கசிந்தது ஆல்கலைன் பேட்டரி எனில், அதை அகற்றிய பின், பஞ்சில் சில துளி எலுமிச்சைச் சாறு தொட்டு உலோக முனைகளைத் துடைத்து, நன்றாக உலர்த்துங்கள். எலுமிச்சைக்குப் பேர்பெற்ற புளியங்குடி நமக்கு அருகிலேயே இருக்கிறது!

காமிரா வேலை செய்யாவிடினும் அட்டையைக் கழற்றிவிடுங்கள். பழைய வகை அட்டைகளுக்கு இன்றைய கணினியில் துளை இருக்காது. அவற்றுக்குரிய அட்டைபடிப்பான் வேண்டும். அட்டையைச் செருகியதும் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கணினி கேட்டால், ஆம் என்று அழுத்திவிடாதீர்கள். அழித்த படங்களைக் கூட, அவ்விடத்தில் வேறொன்று பதியப்படாத வரையில், மீட்கும் மென்பொருள்கள் உண்டு. சில காமிராக்களில் அட்டையின்றி உள் நினைவகத்திலும் படங்கள் இருக்கும், அதையும் பாருங்கள். இவ்வகை நினைவகங்கள் படத்தை மின்னூட்டமாகவே சேமிக்கின்றன. ஆண்டுகள் செல்லச்செல்ல அம்மின்னூட்டம் மெல்லக் கசியும். ஆகவே தாமதம் கூடாது.

அழித்த படத்தை மீட்க முடியும் என்பதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. பழைய காமிராவையோ கைப்பேசியையோ விற்கும்போது, அழித்துவிட்டோம் என்று எண்ணி அட்டையோடு கொடுத்துவிடாதீர்கள். இல்லத்துப் பெண்களின் படங்கள் அமானிதம். ஸ்டூடியோக்காரர் பார்ப்பாரே என்று அன்று தயங்கிய நாம், முகமறியாதவர் கையில் இன்று நூற்றுக்கணக்கான படங்களைக் கொடுத்துவிடக் கூடாது. மீட்கும் வேலையைக் கூட, இயன்றவரை வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டே செய்யுங்கள்.

கிடைத்த படங்களை இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமியுங்கள். இரண்டும் ஒரே பீரோவில் இருக்க வேண்டாம். அவற்றுள் ஆண்டுக்கு ஐந்தாறு படங்களைத் தேர்ந்து காகிதத்தில் அச்சிடுங்கள். பின்புறத்தில் மென்மையான பென்சிலால், யார், எங்கே, எந்த ஆண்டு என்று எழுதுங்கள். தேதி தவறாக இருப்பின், அறிந்த பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். கைப்பேசியில் இன்று ஆயிரமாயிரமாகக் குவியும் படங்களுக்கும் இதுவே முறை.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, குடும்பத்தினர் கூடியிருக்கும் வேளையில் பீரோவைத் திறந்து பாருங்கள்.