சால்வை சம்பளமாகாது

பூவிருந்தவல்லியிலிருந்து சென்னையை நோக்கி வரும் நெடுஞ்சாலையில் கரையான்சாவடிக்கு அடுத்து வருவது குமணன்சாவடி. மெட்ரோ ரயில் தூண்களுக்கு நடுவே இன்று இச்சாலையில் கண்ணில் படுபவற்றுள் பள்ளி விளம்பரத் தட்டிகளுக்குத் தனி இடமுண்டு. அபாகஸ், யோகா, சிலம்பம் என்றிருந்த வரிசையில் சில ஆண்டுகளாக ரோபாட்டிக்ஸ் என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. கோப்பையை ஏந்திய பிள்ளைகள், நடுவில் தாளாளர், அவருக்கு இருபுறமும் முதல்வரும் சிறப்பு விருந்தினரும். படத்தின் ஓரத்தில், தோள் பாதி வெட்டுப்பட்ட நிலையில், ஒருவர் நிற்பார். அந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அந்த வேலைக்காக அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று நம்மில் யாரேனும் கேட்டதுண்டா?

பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு சால்வை, ஒரு நினைவுப் பரிசு, ஆண்டு விழா அறிக்கையில் ‘அயராத உழைப்பு’ என்ற இரண்டு சொற்கள். சில பள்ளிகளில் அதுவும் இல்லை. வெறும் கஞ்சத்தனம் என்றால் இதை எழுத வேண்டிய தேவை வந்திராது. அந்தக் கஞ்சத்தனத்துக்கு நாம் சூட்டியிருக்கும் பெயர்கள்தாம் உறுத்துகின்றன: சேவை, ஆர்வம், அர்ப்பணிப்பு. கூலி கொடுக்க மனமில்லாத இடத்தில் புகழ்ச்சி கொடுக்கப்படுகிறது. புகழ்ச்சியை வாங்கிக்கொண்டவர் அதன் பிறகு கூலியைப் பற்றி வாய் திறக்க முடியாது.

தமிழ் கற்பிப்பவருக்கு ரோபோக்களிடம் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, ஆண்டு விழா நாடகம், வரவேற்புப் பா, தாளாளரின் மணிவிழா மலர் என்று, கடைசி மணி அடித்த பிறகு நடக்கும் இலவசப் பணிகளுக்கெல்லாம் முதலில் பிடித்துவரப்படுபவர் தமிழாசிரியர். அந்த வழக்கம் இப்போது கணினி ஆசிரியரையும் இயற்பியல் ஆசிரியரையும் எட்டியிருக்கிறது. நோயை நெடுநாள் அனுபவித்தவர்களுக்கு அதன் பெயரைச் சொல்லும் உரிமை உண்டு.

முதலில் அந்த வேலை எத்தகையது என்று பார்ப்போம். 1998இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டியில் ரோபோ களத்தில் ஓடுவது இரண்டரை நிமிடம். 2004இல் தொடங்கி, 2016இல் தன் உலக இறுதிச் சுற்றைப் புது டெல்லியில் நடத்திய உலக ரோபோ ஒலிம்பியாடில் இரண்டு அல்லது மூன்று பிள்ளைகள் ஓர் அணி; அவர்களுக்கு ஒரு பயிற்றுநர். கட்டுவதும் நிரல் எழுதுவதும் பிள்ளைகளின் கையாலேயே நடக்க வேண்டும். போட்டி நடக்கும்போது பயிற்றுநர் களத்துக்கு வெளியே நிற்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அதன் விளைவு ஒன்றைக் கவனியுங்கள். பயிற்றுநர் எவ்வளவு நன்றாகத் தம் வேலையைச் செய்கிறாரோ அவ்வளவுக்கு அவர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்.

பள்ளி ஆய்வகத்தில் கறுப்புக் கோட்டை ஒழுங்காகப் பின்தொடர்ந்த ரோபோ, போட்டி அரங்கின் விளக்கு வெளிச்சத்தில் தடுமாறும். அங்குள்ள வெளிச்சத்துக்கு ஏற்ப உணரியின் அளவீட்டைத் திருத்த வேண்டும். மின்கலத்தின் ஆற்றல் குறைந்தால் அதே நிரலுக்குச் சக்கரம் வேறு தூரம் ஓடும். இவற்றைத் தாமே சரிசெய்துவிட்டால் ஆசிரியருக்குப் பத்து நிமிட வேலை. பிள்ளைகளே காரணத்தைக் கண்டுபிடிக்கும்படி கேள்வி கேட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நிற்பதற்கு இரண்டு மாலைகள் தேவைப்படும். கற்பித்தலில் ஆகக் கடினமான பகுதி அதுவே. அந்த இரண்டு மாலைகளுக்குத்தான் நாம் விலை வைக்க மறுக்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 2 மணி நேரம், வாரத்தில் 3 மாலைகள், 12 வாரங்கள் என்று வைத்துக்கொண்டால் 72 மணி. போட்டிக்கு முந்தைய 3 சனிக்கிழமைகள், 6 மணி வீதம், 18 மணி. ஆக 90 மணி நேரம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் அட்டவணையில், தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து, ஆசிரியருக்கு வாரத்துக்கு 45 மணி நேரத்தை வேலை நேரமாக வகுத்திருக்கிறது. அப்படியானால் ஒரு போட்டிக்காகப் பயிற்றுநர் கொடுப்பது முழுதாக இரண்டு வார உழைப்பு.

இந்தப் பிள்ளைகளில் பலருடைய பெற்றோர் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும், திருப்பெரும்புதூர்ப் பக்கத்து வாகன ஆலைகளிலும் வேலை செய்கிறவர்கள். ‘ஓ.டி.’ என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 59ஆம் பிரிவில் மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலியை உறுதிசெய்தது. 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் தொகுப்புச் சட்டமும் அந்த இரட்டைக் கூலியைக் கைவிடவில்லை. மேற்சொன்ன 90 மணியை அந்தக் கணக்கில் இரட்டித்தால் 180 மணி நேரக் கூலி. அதாவது நான்கு வாரச் சம்பளம். லேத் பட்டறையில் நிற்கும் தந்தைக்குச் சட்டப்படி கிடைக்கும் ஒன்று, அவர் மகளுக்குப் பற்சக்கரம் எப்படிச் சுழல்கிறது என்று சொல்லித்தருபவருக்கு இல்லை. அவருக்கு ஒரு மாதச் சம்பளத்துக்குப் பதிலாகச் சால்வை.

“ஆசிரியப் பணி புனிதமானது, அதைக் கூலியோடு ஒப்பிடலாமா?” என்பார்கள். இந்தப் புனிதம் ஆசிரியருக்கு என்ன செய்தது என்பதற்கு நீதிமன்றப் பதிவுகள் உண்டு. 1988இல் கோவாவைச் சேர்ந்த சுந்தராம்பாள் என்ற ஆசிரியை தொடுத்த வழக்கில், ஆசிரியர்கள் தொழில் தகராறுச் சட்டத்தின்படி ‘தொழிலாளர்’ ஆகமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கற்பித்தல் உயர்ந்த பணி, அதை உடலுழைப்பு என்றோ எழுத்தர் வேலை என்றோ சொல்ல முடியாது என்பது காரணங்களுள் ஒன்று. 2004இல் அதே தர்க்கம் பணிக்கொடைக்கும் நீண்டது. ஆசிரியர் அச்சட்டத்தின் பொருளில் ‘ஊழியர்’ அல்லர் என்றானது. 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997ஆம் ஆண்டு முதலே அது பொருந்தும் என்று ஆக்கிய பிறகும் தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து வழக்காடின. 2022இல்தான் உச்ச நீதிமன்றம் அத்திருத்தம் செல்லும் என்று முடித்துவைத்தது. உயரத்தில் ஏற்றிவைத்த பீடமே உரிமையைத் தட்டிப்பறிக்கும் கருவியாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் மரபும் இந்தப் போலிக் கூச்சத்தை ஆதரிக்கவில்லை. யாருக்கு நூல் கற்பிக்கலாம் என்று பட்டியலிடும் பவணந்தியார், நன்னூலின் பொதுப்பாயிரத்தில், மகனையும் வழிபடுபவனையும் சொல்லும் அதே மூச்சில் பொருளை மிகுதியாகக் கொடுப்பவனையும் சேர்த்தே சொல்கிறார். திண்ணைப் பள்ளி வாத்தியாருக்கும் மாதச் சம்பளமும் நெல்லும் உண்டு.

குமணன்சாவடி என்ற பெயரைக் காணும் தமிழ் மாணவர் எவருக்கும் முதிரமலைக் குமணன் நினைவுக்கு வராமல் இருக்கமாட்டான். அவனைப் பாடிய பெருஞ்சித்திரனாரின் கதை இங்கே பொருத்தமானது. இளவெளிமான் சிறிதளவு கொடுத்தபோது அதை வாங்க மறுத்து அவர் எழுந்து போனார். குமணனிடம் யானையைப் பரிசிலாகப் பெற்றார். திரும்பி வந்து அந்த யானையை இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டிவிட்டு, இது நான் உனக்குத் தரும் பரிசில் என்று சொல்லிவிட்டுப் போனார். அதே புலவர்தான், தம்மை நேரில் காணாமல் அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை, தாம் வணிகர் அல்லர் என்று சொல்லி ஏற்க மறுத்தவரும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அவருடைய நிலை விளங்கும். தகுதியை அறிந்து கொடு என்பதே அது. கொடுக்காமலே இரு, நான் புகழை உண்டு வாழ்கிறேன் என்று எந்தச் சங்கப் புலவரும் பாடவில்லை.

அரசின் பக்கம் வருவோம். நிதி ஆயோக்கின் கீழ் 2016இல் தொடங்கப்பட்ட அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம்: ஆய்வகம் அமைக்கப் 10 லட்சம், ஐந்தாண்டு வரை நடத்துவதற்குப் 10 லட்சம். நாடெங்கும் 10,000 ஆய்வகங்கள் அமைந்தன; மேலும் 50,000 அமைக்கப்போவதாக 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. முப்பரிமாண அச்சுப்பொறிக்கும் உணரிகளுக்கும் பணம் இருக்கிறது. வழிகாட்டியாக வருபவரோ வாரம் ஓரிரு மணி நேரம் ஊதியமின்றித் தரும் தன்னார்வலர். ஆய்வகப் பொறுப்பை ஏற்பவர் அதே பள்ளியின் ஆசிரியர். கருவிக்கு விலைப்பட்டியல் உண்டு, கைக்கு இல்லை.

தமிழகத்தில் 2022இல் தொடங்கப்பட்ட வானவில் மன்றம் நல்ல திட்டம். ஆனால் 13,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு 710 கருத்தாளர்கள் என்றால், தலைக்கு ஏறத்தாழ 18 பள்ளிகள். ஓர் அணியை மாதக்கணக்கில் உட்கார்ந்து பயிற்றுவிக்க அவர்களுக்கு நேரம் எங்கே? அந்த வேலைக்கு ஏற்றவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி ஆகியவற்றைக் கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள். மாதம் 5,000 ரூபாய். 2024இல் அது 12,500 ஆக இருந்தது. பல ஆண்டுகள் மே மாதச் சம்பளம் இல்லாமலே பணிசெய்தார்கள். பணி நிரந்தரம் கேட்டுத் திரும்பத் திரும்பத் தெருவுக்கு வந்தார்கள். இவர்களில் கணினி கற்பிப்பவர்களுக்கு மேலும் சில மணி நேரமும் அதற்குரிய சம்பளமும் கொடுத்தாலே அரசுப் பள்ளிகளில் ரோபோ அணிகள் உருவாகும். அப்படிச் செய்யாதபோது என்ன நடக்கிறது? கட்டணம் செலுத்தித் தனியார் பயிற்சி மையத்துக்குப் போக முடிந்த பிள்ளை கோப்பை வாங்குகிறது. முடியாத பிள்ளை, பூட்டிய ஆய்வகத்தின் சன்னல் வழியே பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் போகிறது. ஆசிரியருக்குக் கொடுக்காத கூலியின் வட்டியைக் கட்டுவது அந்தப் பிள்ளைதான்.

தனியார் பள்ளிகளுக்கோ பணம் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. ரோபாட்டிக்ஸ் என்ற தலைப்பில் பெற்றோரிடம் தனியாக வாங்கும் பள்ளிகள் இருக்கின்றன. கருவிகள் விற்கும் நிறுவனத்துக்கு அதில் பங்கு போகிறது. மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் ஆசிரியையின் பெயர் மட்டும் எந்தக் கணக்கிலும் வராது.

வெளியுலகில் இது தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஜப்பானில் 1971இல் இயற்றப்பட்ட சட்டம், அரசுப் பள்ளி ஆசிரியருக்கு மிகைநேரக் கூலி கிடையாது, பதிலாகச் சம்பளத்தில் 4 விழுக்காடு கூடுதலாகத் தரப்படும் என்றது. மாதத்துக்குச் சுமார் 8 மணி நேரமே மிகைவேலை என்று 1966இல் எடுத்த கணக்கிலிருந்து வந்த எண் அது. பின்னாளில் மாலை நேர மன்றங்களும் விளையாட்டுப் பயிற்சிகளும் சனி ஞாயிறுகளையும் விழுங்கின. எண் மட்டும் அசையவில்லை. அரை நூற்றாண்டு கடந்து, 2025இல்தான் அதை 2031க்குள் படிப்படியாக 10 விழுக்காடாக உயர்த்தச் சட்டம் திருத்தப்பட்டது. அளவில்லாத வேலைக்கு அடையாளத் தொகை கொடுப்பதன் முடிவு இது. மாறாக, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ரோபாட்டிக்ஸ் போட்டிகளுக்கான பள்ளி மானியத்திலேயே பயிற்றுநருக்கு 1,500 டாலர் வரை ஊக்கத்தொகை தருவதற்கு இடம் வைத்தார்கள். பெரிய தொகை அன்று. ஆனால் கருவிக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் பக்கத்தில் மனித உழைப்புக்கும் ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஒரு வரிதான் நம்மிடம் இல்லாதது.

காசு வந்தால் ஆர்வம் போய்விடும் என்பவர்கள் மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் இதைச் சொல்வதில்லை. சட்டம் ஆசிரியரின் தனிவகுப்பைத் தடுக்கிறதே என்றால், அத்தடை பெற்றோரிடம் தனியே வாங்குவதைப் பற்றியது. பள்ளி தன் சொந்த வேலைக்குத் தன் ஆசிரியருக்குக் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அப்படியானால் பேச்சுப் போட்டிக்குத் தயார்செய்யும் தமிழாசிரியருக்கும் கொடுக்க வேண்டி வருமே என்று கேட்டால், ஆம், கொடுக்கத்தான் வேண்டும்.

கேட்பது அதிகமில்லை. பயிற்சி நேரத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். அதை 45 மணி நேரத்துக்குள் கொண்டுவந்து அதற்கு ஈடாகப் பாடவேளையைக் குறையுங்கள். முடியாவிட்டால் அவருடைய மாதச் சம்பளத்திலிருந்து மணிக்கணக்கை வகுத்து, குறைந்தது அந்த விகிதத்திலாவது கொடுங்கள். போட்டிக்குப் போகும் பயணச் செலவையும் உடைந்த உணரியின் விலையையும் அவர் தலையில் கட்டாதீர்கள். பெற்றோரிடம் வாங்கும் தொகையில் பயிற்றுநருக்குப் போவது எவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் ரோபோ எத்தனை கோப்பை வாங்கியது என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று. கூலி கேட்பது இழிவன்று. இளவெளிமான் நீட்டியதை மறுத்து எழுந்தவரை ஈராயிரம் ஆண்டுகளாக நாம் பெருமையோடு பாடம் நடத்தி வருகிறோம். அந்தப் பாட்டுக்குப் பொழிப்புரை எழுதி மதிப்பெண் வாங்கிய தாளாளர்களும் இருப்பார்கள். சால்வையை நீட்டும்போது அதை அவர்களுக்கு நினைவூட்டுவதில் தவறில்லை.