கோரைக்கிழங்கும் ஒரு சட்டத் திருத்தமும்

பெருந்தொற்று நாட்களில் கபசுரக் குடிநீர் அருந்தாத தமிழர் குறைவு. 2020இல் அரசே தெருத்தெருவாக அதை வழங்கியது. நிலவேம்பு, ஆடாதோடை, சீந்தில், கோரைக்கிழங்கு என்று பதினைந்து சரக்குகள் சேர்ந்த கூட்டு மருந்து அது. நோயைத் தீர்த்ததா என்ற வழக்கு இங்கு வேண்டாம். அந்தக் கோரைக்கிழங்கை அகழ்ந்தவர் யார் என்பதே என் கேள்வி.

ஆந்திரத்தில் பிறந்து, பெரியபாளையம், ஆரணி, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரியில் கலக்கும் ஆரணியாற்றின் கரையிலும் கோரை மண்டிக் கிடக்கிறது. அதைக் களை என்பார் உழவர். மருந்து என்பார் வைத்தியர். இவ்வட்டாரத்து இருளர்களுக்கு ஆறும் அதன் கரையும் மூலிகையும் பரம்பரை அறிவு. அவ்வறிவு ஏட்டில் ஏறியதில்லை.

இத்தகைய அறிவுக்காகவே 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழுவும் மக்கள் பதிவேடும் வேண்டும் என்றது. பதினேழு ஆண்டுகள் கழிந்தும் பணி முடியாததால், 2020 ஜனவரி 31க்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டுமெனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்தது. கெடுவுக்கு அஞ்சி எழுதப்படும் ஏட்டில் ஆற்றங்கரைக் கிழவியின் சொல்லுக்கு எத்தனை வரி கிடைத்திருக்கும்?

பெருந்தொற்று வந்தது. பாலூட்டிகளிலும் பறவைகளிலும் நாம் இன்னும் அறியாத வைரஸ்கள் சுமார் 17 இலட்சம் இருக்கலாம் என்றும், இயற்கையை அழிப்பதே அவற்றை நம்மிடம் அழைத்து வருகிறது என்றும் பன்னாட்டு உயிர்ப்பன்மை அறிவியல் மன்றம் 2020 அக்டோபரில் எச்சரித்தது. பாதுகாப்பு இறுகும் என்று எதிர்பார்த்தோம். வந்ததோ 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம். நூல்களில் பதிவான மரபறிவுக்கும், பயிரிட்ட மூலிகைகளுக்கும், பதிவுபெற்ற ஆயுஷ் மருத்துவர்களுக்கும் அது விலக்களித்தது. சிறைத்தண்டனையை நீக்கி அபராதத்தோடு நிறுத்திக்கொண்டது. நம் மருத்துவம் தடையின்றி வளரவேண்டும் என்பது அரசின் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. நாட்டு வைத்தியரை அலுவலகம் அலுவலகமாக அலையவிடுவதை யாரும் விரும்பார்.

ஆனால் நூலில் ஏறிய அறிவுக்கு உரியவர் இல்லை என்பது, ஏடு படித்து வாழும் என்னைப் போன்ற தமிழாசிரியனால் ஏற்க இயலாத வாதம். சித்தர் ஏடுகள் வானிலிருந்து விழுந்தவை அல்ல. காட்டிலும் கரையிலும் திரிந்தோர் வாயிலிருந்து வந்ததைத்தான் ஏடு வாங்கிக்கொண்டது. எழுதாதவர்களிடம் கேட்டு எழுதியதையே, எழுதப்பட்டுவிட்டது என்ற காரணத்தால் அவர்களுக்கு இல்லையென்பது என்ன அறம்?

கும்மிடிப்பூண்டியின் ஆலைகள் இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வேலை தருகின்றன. அதை மறுப்பது நேர்மையன்று. ஆயினும் ஆற்றங்கரையில் ஒன்றை எழுப்புமுன் அவ்வூர்ப் பதிவேட்டைத் திறந்து பார்க்கவேண்டும் என்ற ஒரு விதியாவது வேண்டும். அப்பதிவேடு ஊரார் தமிழில், ஊரார் சொல்லச்சொல்ல எழுதப்பட்டு, பேரூராட்சியில் எவரும் கேட்டுப் படிக்கக் கிடைக்கவேண்டும்.

தமிழ்த்துறைகள் இதற்கு உதவலாம். நாட்டார் பாடல்களைத் தொகுக்க மாணவரை ஊருக்கு அனுப்பிய நாம், செடிகளின் பெயர்களைத் தொகுக்கவும் அனுப்பலாம். அடுத்த தொற்று வரும்போது கோரைக்கிழங்கைத் தேடுவோம். அன்று கரையும் இருக்கவேண்டும், அதை அறிந்தவரும் இருக்கவேண்டும்.