கண்ணுக்கும் வேண்டும் தன்மானம்

காரைக்குடியிலும் அதனைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களிலும் நகரத்தார் எழுப்பிய வளமனைகளுள் நுழைவார் முதற்கண் காண்பன, பருமாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடித் தரைக்கற்களுமாம். கண்ணைச் சற்றே உயர்த்தின், சுவர்களில் இரவிவருமாவின் அச்சுப் படங்கள் தொங்கும். 1894-இல் அவர் மும்பையில் நிறுவிய அச்சகத்தினின்று நாடெங்கும் பரவிய அப் படங்களில், திருமகளும் கலைமகளும் வெண்மேனியராகவே காட்சி தருவர். தலைமுறை தலைமுறையாக அவற்றைக் கண்டு வளர்ந்த நாம், அழகெனின் வெண்மையே என்று கொண்டோம். திருமணப் பேச்சில், ‘பெண் கறுப்போ?’ என்று கேட்கவும் நாணாதவரானோம். இந் நோய்க்கு அப் படங்களே வேர் என்று கூறோம். ஆயினும், நீர் ஊற்றியவற்றுள் அவையும் உண்டு.

இந் நோயை வண்ணத்தாலேயே மறுத்தவர் ஓவியர் இளையராசா. குடந்தையை அடுத்த செம்பியவரம்பலில் 1979-இல் பிறந்து, குடந்தையிலும் சென்னையிலும் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் பயின்றவர். அவர் வரைந்தவர் அரசியர் அல்லர், தெய்வங்களும் அல்லர். அடுப்பங்கரையிலும் திண்ணையிலும் சாளரத்தின் அருகிலும் நாம் நாள்தோறும் கண்டும் காணாது கடந்துபோகும் சிற்றூர்ப் பெண்களே. சாளரத்தின் வழியே சாய்ந்து விழும் வெயில் அவர்தம் கருமேனியை வெளுப்பிக்காது. அதன் கருமையையே பொலிவிக்கும். சேலையின் மடிப்பும் சுவரின் பழமையும் விடுபடா. ஒளிப்படமோ என்று கண்டோர் மயங்குவர். ஆனால், அவர் நடையின் உயிர் அம் மயக்கில் இல்லை. எவரை அத்துணைப் பொறுமையோடு நோக்கினார் என்பதிலேயே உள்ளது.

‘எண்ணெய் வண்ணம் மேலையர் தந்ததன்றோ? சொல்லில் கடன் வேண்டா என்போர் இதனை ஏற்பது எங்ஙனம்?’ எனச் சிலர் வினவலாம். இரவிவருமா கையாண்டதும் அதே எண்ணெய் வண்ணந்தான். கருவி ஒன்று, பார்வை வேறு. கருவியைக் கடன் கொள்வதால் இனம் கெடாது. கண்ணையே கடன் கொடுத்தாற் கெடும்.

2021 சூன் 6-ஆம் நாள், கொரோனாத் தொற்று அவ் ஓவியரைக் கொண்டது. கை ஓய்ந்தது, அது காட்டிய வழி ஓயவில்லை.

செட்டிநாட்டு வளமனைகள் பல இன்று இடிபட்டுவிட்டன. அவற்றின் பழம்படங்கள் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. வெறுமையுற்ற சுவர்களில் இனி எதனை மாட்டப் போகிறோம்? தமிழன்பர்களே! நாவினின்று வேற்றுச் சொல்லைக் களைந்தால் மட்டும் போதாது. நம் மகளை நோக்கும் கண்ணினின்றும் வேற்று அளவுகோலைக் களைதல் வேண்டும். வீட்டுக்கொரு சுவரிலேனும் நம் பெண்ணின் நிறத்தில் ஓர் ஓவியம் இருக்கட்டும். அதனைக் கண்டு வளரும் சிறுமி, கண்ணாடி முன் தலைநிமிர்ந்து நிற்பாள்.