மருந்து இலவசம், கூலிக்கு யார் பொறுப்பு?

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் இருக்கும் அயோத்தியாப்பட்டணத்தில் வாழ்பவருக்கு மருத்துவம் எட்டாத தொலைவில் இல்லை. சேலம் நகரிலுள்ள அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பேருந்தில் சென்றுவிடலாம். அங்கே மருத்துவரைப் பார்க்கவும் மருந்து வாங்கவும் பணம் தேவையில்லை. இருந்தும், ஒரு கொலுசுப் பட்டறைத் தொழிலாளியோ கட்டட வேலைக்குச் செல்லும் சித்தாளோ நோய் முற்றும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார் என்றால், அதை அறியாமை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. மருத்துவமனை வரிசையில் நிற்கும் ஒரு நாள், கூலி இல்லாத ஒரு நாள். அவரைத் தடுப்பது அந்தக் கணக்குதான்.

இந்தக் கணக்கைத் தமிழகத்தின் சமூக ஆய்வாளர்கள் கால் நூற்றாண்டுக்கு முன்பே எழுதிக் காட்டிவிட்டனர். சென்னையிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஆர். ராஜேஸ்வரியும் சக ஆய்வாளர்களும் 304 நோயாளிகளிடம் விசாரித்து, 1999-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நோயாளி ஒருவர் நேரடியாகச் செலவிட்ட தொகை சராசரியாக ரூ.2,052. வருவாய் இழப்பு உள்ளிட்ட மறைமுக இழப்போ ரூ.3,934. சராசரியாக 83 வேலை நாள்கள் பறிபோயிருந்தன. பள்ளி செல்லும் பிள்ளைகளில் 11 சதவீதத்தினர் படிப்பை நிறுத்தினர். மேலும் 8 சதவீதத்தினர் குடும்பத்தைத் தாங்க வேலைக்குச் சென்றனர்.

மருத்துவச் செலவைவிட வேலை இழப்பே குடும்பத்தை அதிகம் வாட்டியது என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன. தந்தையின் நோய் மகனின் பள்ளிப் படிப்பில் போய் முடிகிறது. சுகாதாரம், தொழிலாளர் நலம், கல்வி என்று அரசு மூன்று துறைகளில் எழுதும் கணக்கு, ஏழை வீட்டில் ஒரே கணக்குதான்.

மருத்துவத்தை இலவசமாக்கினால் மட்டும் ஏற்றத்தாழ்வு நீங்கிவிடாது என்பதற்கு உலக அளவிலும் சான்று உண்டு. பிரிட்டனில் 1948 முதல் அனைவருக்கும் பொது மருத்துவச் சேவை கிடைக்கிறது. ஆனால், அந்நாட்டு அரசு ஊழியர்களிடம் 1967-இல் தொடங்கி நடத்தப்பட்ட வொயிட்ஹால் ஆய்வில், பதவிப் படிநிலையில் கீழே செல்லச் செல்ல இறப்பு விகிதம் கூடியதை மைக்கேல் மார்மட் உள்ளிட்டோர் கண்டறிந்தனர். நிரந்தர வேலையும் மாதச் சம்பளமும் உள்ளவர்களிடையே இந்த நிலை என்றால், அன்றாடங்காய்ச்சிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நோயுற்ற நாளுக்கும் ஊதியம் வேண்டும் என்பது நமக்குப் புதிய கோட்பாடு அன்று. 1948-ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், தகுதியுள்ள தொழிலாளிக்கு ஆண்டுக்கு 91 நாள்கள் வரை 70 சதவீத ஊதியம் கிடைக்கிறது. ஆனால், பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களுக்கே அத்திட்டம் பொருந்தும். வீட்டுத் திண்ணையில் கொலுசுக்குப் பற்றவைப்பவரும் தறியில் அமர்ந்திருப்பவரும் தினக்கூலிச் சித்தாளும் அந்த வேலிக்கு வெளியேதான் நிற்கின்றனர்.

அமைப்புசாராதவர்களுக்கும் இக்கோட்பாட்டை நீட்டிக்க முடியும் என்பதைத் தமிழகமே காட்டியிருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம், பேறுகாலத்தில் ஏழைப் பெண் இழக்கும் வருவாயை ஈடுசெய்வதையும் நோக்கமாகக் கொண்டது. 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரைகள் வீடு தேடி வருவதால், ஒரு நாள் கூலியும் மிஞ்சுகிறது. அண்டை மாநிலமான ஆந்திரம் 2019-இல் ஒரு படி மேலே சென்று, அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஓய்வில் இருக்கும் ஏழைகளுக்கு நாளொன்றுக்கு ரூ.225 வீதம், மாதம் ரூ.5,000 வரை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது.

காசநோயாளிகளுக்கு மத்திய அரசு தரும் ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பரில் மாதம் ரூ.1,000 ஆக உயர்த்தப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால், 2025-26-இல் தமிழகத்துக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைத் திட்டக் கூலி ரூ.336. ஒரு மாத உதவி மூன்று நாள் கூலிக்குக்கூடச் சமமாகவில்லை.

'நோய்க்குப் பணம் கொடுத்தால் எல்லாரும் நோயாளி ஆகிவிடுவார்கள்' என்ற வாதம் எழும். அதைப் புறந்தள்ள வேண்டியதில்லை. பொய்யாகக் காட்ட முடியாத இடத்திலிருந்து தொடங்கலாம். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்நோயாளியாகச் சிகிச்சை பெறுவோரின் பதிவுகளும், சிகிச்சையிலுள்ள காசநோயாளிகளின் பதிவுகளும் அரசிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவர்களில் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு ஓய்வுக்காலக் கூலி வழங்குவதே முதல் படியாக இருக்கட்டும். புறநோயாளிகளுக்காக, ஊரக ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேலை முடிந்து வருவோருக்கு ஏற்ப வாரத்தில் சில நாள்களாவது மாலையிலும் இயங்கட்டும்.

மருத்துவமனைக் கட்டடங்களையும் மருந்துக் கையிருப்பையும் வைத்து நாம் பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால், அயோத்தியாப்பட்டணத்துத் தொழிலாளி உலை கொதிக்குமா என்ற கவலையின்றி மருத்துவரிடம் செல்லும் நாளில்தான் அந்தப் பெருமை முழுமை பெறும் என்று நான் கருதுகிறேன்.