நட்டுக்கும் ஒரு அளவு உண்டுங்க



போன மாசம் ஒரு ராத்திரி அம்மாவுக்கு மூச்சுத்திணறல். காரை எடுத்துக்கிட்டு கோபிக்குப் போற வழியில், வாய்க்கால் மேட்டுக்கிட்ட பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னி இருக்கு, ஜாக்கி இருக்கு, வீல் ஸ்பேனரும் இருக்கு. ஆனா நட்டு அசையலை. ஸ்பேனர் மேலேயே ஏறி மிதிச்சேன். மூணு கழண்டது. நாலாவது முனை மழுங்கி ஸ்பேனர் வழுக்க ஆரம்பிச்சிருச்சு. கடைசியில் அந்தப் பக்கம் வந்த பால் வண்டிக்காரர்தான் அம்மாவை ஏத்திக்கிட்டுப் போனார். அம்மா இப்போ நல்லா இருக்காங்க.

ரெண்டு வாரம் முன்னாடிதான் புது டயர் மாட்டியிருந்தேன். கடைத் தம்பி ஏர் கன்னால முடுக்கினப்போ, "இன்னும் நல்லா டைட் வைங்க தம்பி"ன்னு சொன்னதே நான்தான். அதனால அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இறுக்கினாப் பாதுகாப்புன்னு நினைக்கிறோம். அது பாதி உண்மை. நட்டை முடுக்கும்போது ஸ்டட்டு துளியூண்டு நீளும். திரும்பச் சுருங்கப் பார்க்கிற அந்த இழுவைதான் சக்கரத்தைப் பிடிச்சு வைக்குது. குறைச்சலா முடுக்கினா ஓட ஓட லூஸாகும். அளவு மீறினா ஸ்டட்டு பழைய நிலைக்குத் திரும்பாது, மரை போகும், ஒரு நாள் ஒடிஞ்சே போகும்.

அந்த அளவைக் காட்டுறதுதான் டார்க் ரெஞ்ச். பெரும்பாலான கார்களுக்கு 80 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை. உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு வண்டியோட வந்த புத்தகத்தில் இருக்கும். ஒரு மீட்டர் கம்பி நுனியில் 10 கிலோவைத் தொங்கவிட்டா சுமார் 98. அதே 60 கிலோ ஆள் 30 சென்டிமீட்டர் ஸ்பேனர் நுனியில் ஏறி நின்னா 176! நாம காலால மிதிச்சு முடுக்கறது எவ்வளவு அதிகம்னு பாருங்க.

முறை இதுதான். மரையைப் பிரஷ் போட்டுத் துடைக்கணும். எண்ணெய், கிரீஸ் தடவக் கூடாது; தடவினா அதே அளவுக்கு ஸ்டட்டு அதிகமா இழுபடும். முதல்ல கையாலேயே நட்டைப் பூட்டணும். பிறகு ஒண்ணு, அதுக்கு எதிர்ல ஒண்ணுன்னு மாத்தி மாத்தி ஸ்பேனரால லேசா முடுக்கணும். ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் நின்ன பிறகு, அளவு வெச்ச டார்க் ரெஞ்சால அதே வரிசையில் நிதானமா இழுக்கணும். "டக்"னு ஒரு சத்தம் வந்ததும் நிறுத்திரணும். இன்னொரு தடவை இழுக்கறது வீண் வேலை. 50, 100 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி ஒரு தடவை பார்த்துக்கணும். நட்டுக் கழட்ட அதைத் தொடாதீங்க. எடுத்து வைக்கும்போது அளவைக் கடைசிக்குக் குறைச்சு வைங்க.

"அதெல்லாம் செலவுங்க"ன்னு சொல்லுவீங்க. சாதாரண ரெஞ்ச் ஒண்ணு ஒரு புது டயர் விலைக்குள்ள முடிஞ்சிரும். எங்க தெருவில் நாலு கார் இருக்கு, பங்கு போட்டு ஒண்ணு வாங்கப் போறோம். டயர் கடைக்காரங்களும் கன்னை வெச்சு நட்டை உட்கார வெச்சுட்டு, கடைசி முடுக்கை டார்க் ரெஞ்சால முடிக்கணும். நாமும் நின்னு கேட்டு வாங்கணும்.

மருந்தடிக்கறப்போ டேங்குக்கு இத்தனை மில்லின்னு மூடியில அளந்து ஊத்தறோம். வீட்டு ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போற சக்கரத்துக்கு மட்டும் கை மதிப்பு போதுமாங்க?