கல்லில் இல்லாத பெயர்

மூதாதையரைத் தேடி இங்கிலாந்துக்குப் புறப்படுகிறவர் முதலில் நாடுமிடம் கிராமத்து மாதா கோயில். ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார். பிறகு கல்லறைத் தோட்டத்தில் பாசி படிந்த கற்களைத் துடைத்துப் பெயர் தேடுவார். ஆனால் அவருடைய முன்னோர் ஆதிக் குவேக்கர்களாயிருந்தால், இரண்டிடத்திலும் பெரும்பாலும் ஏமாற்றமே காத்திருக்கும்.

குவேக்கர் என்றால் நடுங்குகிறவர் என்று பொருள். பிறர் பரிகாசமாகச் சூட்டிய பெயர் அது. அவர்கள் தங்களை நண்பர்கள் என்றே அழைத்துக் கொண்டார்கள். 1652-ம் ஆண்டில் ஜார்ஜ் பாக்ஸ் என்பவர் வட இங்கிலாந்தில் செட்பர்க் என்ற ஊருக்கருகே, பர்பேங்க் குன்றின்மீது திறந்த வெளியில் பிரசங்கம் செய்தார். ஒவ்வோர் உள்ளத்திலும் தெய்வ ஒளி இருக்கும்போது குருக்களும் சடங்குகளும் எதற்கு என்பது அவர் போதனையின் சாரம். ஆகவே அவரைப் பின்பற்றியவர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் செய்விக்கவில்லை. கோயிலுக்குத் தசமபாகம் செலுத்தவில்லை. நீதிமன்றத்தில் பிரமாணம் எடுக்கவில்லை. கல்லறைக்குக் கல் நாட்டுவதும் வீண் பெருமையென்று 1717-ல் அவர்களுடைய லண்டன் வருடாந்தர சபை கண்டித்தது; எளிய கற்களுக்கு அனுமதி கிடைத்தது 1850-ல்தான்.

எனவே, பிரயாணத் திட்டம் போடுகிறவர் ரயில் அட்டவணையைப் பார்க்குமுன் அம்முன்னோரின் கொள்கைகளைப் பார்ப்பது அவசியம். அவர்கள் எதை மறுத்தார்கள் என்று தெரிந்தால் எங்கே தேடுவது வீண் என்பது விளங்கும். எதைப் போற்றினார்கள் என்று தெரிந்தால் எங்கே தேடவேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

அவர்கள் போற்றியது சபையை. ஒவ்வொரு வட்டாரத்திலும் மாதாந்தர சபை கூடியது. பிறப்பு, விவாகம், மரணம் யாவும் அதன் புத்தகங்களில் ஏறின. விவாகப் பத்திரத்தில் வந்திருந்தவர்கள் எல்லாரும் சாட்சியாகக் கையெழுத்திட்டார்கள். ஆகவே ஒரே தாளில் உற்றார் உறவினர் கூட்டத்தையே காணலாம். ஒருவர் வேறு ஊருக்கோ கடல் கடந்தோ குடிபெயர்ந்தால், அவருடைய நடத்தைக்குச் சபை நற்சான்று எழுதிக் கொடுத்தது. 1681-ல் வில்லியம் பென் பென்சில்வேனியாவுக்கு அரச சாசனம் பெற்ற பிறகு அங்கே சென்ற பலர் இத்தகைய சான்றுகளைக் கொண்டு சென்றார்கள்.

அமெரிக்காவிலுள்ள சந்ததியாருக்கு இந்தச் சான்றுதான் திறவுகோல். எந்த ஆங்கிலச் சபை அதைக் கொடுத்தது என்று தெரியாமல் கப்பலோ விமானமோ ஏறுவதில் பயனில்லை. ஹின்ஷா என்பவர் 1936 முதல் வெளியிட்ட அமெரிக்கக் குவேக்கர் வம்சாவளித் தொகுதிகளையும், ஸ்வார்த்மோர், ஹாவர்போர்டு ஆகிய கல்லூரிகளின் சேகரங்களையும் முதலில் துருவிப் பார்க்கவேண்டும். இங்கிலாந்தின் மூலப் பதிவேடுகள் 1840-ல் அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டன. இன்று அவை லண்டனிலுள்ள கியூ என்னும் இடத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றின் படங்களை வீட்டிலிருந்தபடியே கணினியில் காணலாம்.

தேதியைப் படிப்பதில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். மாதங்களுக்குப் புறச்சமயத் தேவதைகளின் பெயர்கள் ஒட்டியிருந்ததால் குவேக்கர்கள் எண்களையே எழுதினார்கள். 1752-க்கு முன் அவர்களுடைய முதல் மாதம் மார்ச். 1690-ம் ஆண்டு இரண்டாம் மாதம் விவாகம், பதினோராம் மாதம் குழந்தை என்று இருப்பதாக வைத்துக் கொள்வோம். இரண்டாம் மாதத்தை ஏப்ரல் என்று சரியாகப் படித்து, பதினோராம் மாதத்தை மட்டும் நவம்பர் என்று படித்தவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, பாட்டியின்மீது அபவாதம் சுமத்திவிடுவார்! உண்மையில் விவாகம் ஏப்ரலில். குழந்தை பிறந்தது, நம் கணக்கில், 1691 ஜனவரியில். பாட்டி நிரபராதி.

இவ்வளவும் முடிந்தபின் பிரயாணம். லண்டன் யூஸ்டன் சாலையிலுள்ள நண்பர்கள் மாளிகையின் நூலகத்தில் இரண்டொரு நாள் தங்கலாம். 1753-ல் ஜோசப் பெஸ் வெளியிட்ட, குவேக்கர்கள் பட்ட துன்பங்களின் தொகுப்பை அங்கே பார்க்கலாம். மாகாணவாரியாகப் பெயர்கள் வருகின்றன. வீட்டாரைத் தவிர ஐந்து பேருக்கு மேல் வழிபாட்டுக்குக் கூடினால் குற்றம் என்று 1664-ல் சட்டம் வந்தது. தடையுத்தரவுகளின் சரித்திரம் அறிந்த நமக்கு இது விந்தையாயிராது. அவ்வாண்டில் மார்கரெட் பெல் என்ற மாதரசி, பிரமாணம் எடுக்க மறுத்ததற்காக லங்காஸ்டர் கோட்டையில் அடைக்கப்பட்டு நான்காண்டு சிறையிலிருந்தார். சாமானியக் குடியானவர்கள் பலருடைய பெயர், அவர்களைத் தண்டித்த அதிகாரிகளின் ஏடுகளிலும் நிலைத்துவிட்டது. அழிக்க நினைத்தவர்களே அவர்கள் பெயரைக் காத்தார்கள்!

பிறகு வடக்கே, அந்தந்த மாகாணத்து ஆவண நிலையங்களில் சபைக் குறிப்பேடுகளைப் படிக்கவேண்டும். ஆடவர் சபைக்கும் பெண்டிர் சபைக்கும் தனித்தனி ஏடுகள் உண்டு. இரண்டையும் கேட்டு வாங்குவது நல்லது. வேலை நேரத்தையும், ஏடு அங்கே உண்டா என்பதையும் புறப்படுமுன் எழுதிக் கேட்டுக் கொள்ளவேண்டும்.

மனத்தையும் சற்று ஆயத்தம் செய்து கொள்வது உத்தமம். வேறு சமயத்தாரை மணந்ததற்காகச் சபையிலிருந்து விலக்கப்பட்ட முப்பாட்டனை அந்த ஏட்டில் காண நேரலாம். அடிமைகளை வைத்திருந்தவரையும் காண நேரலாம். வில்லியம் பென்னே அடிமைகளை வைத்திருந்தார். 1688-ல் பென்சில்வேனியாவிலுள்ள ஜெர்மன்டவுனில் அடிமை முறையைக் கண்டித்து எழுதியவர்களும் குவேக்கர்களே. பெருமையை மட்டும் பொறுக்கியெடுத்துக் கொண்டு, மற்றதை அங்கேயே விட்டுவருவது ஆராய்ச்சியாகாது. பொய் சொல்ல நேருமென்று அஞ்சிப் பிரமாணத்தையே மறுத்தவர்களல்ல அவர்கள்; எப்போதும் மெய்யே சொல்வதால் பிரமாணம் வேண்டாமென்று மறுத்தவர்கள். அத்தகையோரின் வம்சாவளியை எழுதப் புகுகிறவர், கண்டதைக் கண்டபடி எழுதுவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.